பழுதான பழைய ஆர்.எக்ஸ். 100 வண்டியை வாங்கலாமா?

யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி என்பதால், இன்று விற்பனைக்கு வரும் எதிலும் ஏதேனும் ஒரு பழுது இருக்கத்தான் செய்யும். அவற்றுள் செலவு செய்தால் தீரக்கூடியது எது, எவ்வளவு செலவழித்தாலும் தீராதது எது என்று பிரித்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

தீராத பழுது பெரும்பாலும் ஆவணங்களில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். என்ஜின் எண்ணையும் அவ்வாறே பாருங்கள். எழுத்துகள் வரிசை பிசகியிருந்தாலோ, அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால், விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். புத்தகத்தில் உள்ள உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாறிய பிறகே பணம் கொடுங்கள்.

என்ஜினைப் பார்க்கக் காலையில் செல்லுங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். இது டூ ஸ்ட்ரோக் வண்டி, ஆயிலும் சேர்ந்தே எரிவதால், தொடக்கத்தில் சிறிது புகை வருவது இயல்பே. ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஆயில் சீல் போயிருக்கலாம். கீழிருந்து ‘டொக் டொக்’ என்ற கனத்த சத்தம் கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிராங்க்கை வெளியே எடுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ‘போர்’ (bore), அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்விட்டம் பற்றியே. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த சிலிண்டரை, தேய்மானத்திற்கேற்ப 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதாக்கிக் கொள்ளலாம். இதைக் கேட்டறியாமல் நான் ஒரு வண்டி வாங்கினேன். பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, கரி படிந்த பிஸ்டன் தலையைத் துடைத்தபோது ‘100’ என்ற எண், அதாவது 1.00 மில்லிமீட்டர், தெரிந்தது. கடைசிப் படியும் முடிந்துபோயிருந்தது. அதன்பின் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உலோக உறை) போட்டுத்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. எனவே ஹெட்டைத் திறந்து பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் கூலியை நீங்களே கொடுத்தாலும் நட்டமில்லை.

டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கேபிள், வயரிங் ஆகியவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சேஸிஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா, டேங்கின் உட்புறம் துருவேறியிருக்கிறதா என்பவற்றை மட்டும் நன்கு கவனியுங்கள்.

பிறகு உங்கள் மெக்கானிக்கோடு அமர்ந்து செலவுப் பட்டியல் போட்டு, திறந்த பின் தெரியவரும் பழுதுகளுக்காக அதில் கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையும் கேட்கும் விலையும் சேர்ந்து, நன்றாக ஓடும் இன்னொரு ஆர்.எக்ஸ். விலையைத் தொடுமானால் இதை விட்டுவிடலாம். வாங்குவதாக முடிவெடுத்தால், பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரிடம் அன்றே கையெழுத்து பெற்று, 30 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.