சத்தமும் மவுஸும் அடிக்கடி தகராறு செய்கிறதா? நாம் செய்யும் தவறுகள் இவைதான்

வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வராவிட்டாலோ மவுஸ் நின்று நின்று நகர்ந்தாலோ நாம் முதலில் செய்வது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நோண்டுவதுதான். ஒயரைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகி, டிரைவரை (ஸ்பீக்கர், மவுஸ் போன்றவற்றோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளை) அழித்து, செட்டிங்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி, எப்படியோ சரியாகிவிடும். எதனால் சரியானது என்றுதான் தெரியாது. பத்து நாள் கழித்து அதே தொல்லை வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் சோதித்துப் பாருங்கள்.

நானே அடித்த கூத்து ஒன்று. புது மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய அன்று ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. டிரைவரை இரண்டு முறை அழித்துப் போட்டு, ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவும் கட்டி, கடைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் டாஸ்க்பாரில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்திப் பார்த்தேன். சத்தம் அத்தனையும் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது! எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும், விண்டோஸும் சில நேரம் தானாக அந்தப் பக்கம் தாவிவிடும். அதனால் டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு ஆப்பில் மட்டும் சத்தம் இல்லையா, ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் மிக்சரைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே அது மியூட்டில் கிடக்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு, மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய டெலிபோன் குரல் மாதிரி ஆகிறதென்றால் ஹெட்செட்டைத் திட்ட வேண்டாம். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அது தரம் குறைந்த மோனோ ஒலிக்கு மாறுவது வழக்கம். லேப்டாப்பின் மைக்கையே அந்த மீட்டிங் ஆப்பில் தேர்ந்தெடுத்துவிட்டால் பழைய தரம் திரும்பும்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. "ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டேன், அப்படியும் சரியாகவில்லை" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். டிரைவர் குழம்பிப்போயிருந்தால் அந்தக் குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று பல வருடம் நானும் நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று ஒரு இரைச்சல் இருந்து, லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றுபோனால், கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை, எர்த்தில். இதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள், அதைவிட ஆபத்தான வைத்தியம் கிடையாது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதிலேயே குறையும்.

சரி, மவுஸுக்கு வருவோம். வயர்லெஸ் மவுஸ் திக்கினால் எல்லோரும் பேட்டரியை மாற்றுவார்கள், டாங்கிள் (மவுஸோடு வரும், யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) எங்கே செருகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்டு டிஸ்கும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் சோதித்து எழுதியிருக்கிறது. ஹார்டு டிஸ்கில் படம் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் தள்ளாடினால் இதுதான் காரணம். ஒரு சின்ன யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேஜைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும்.

ஒரு முறை கிளிக் செய்தால் இரண்டு முறை விழுகிறதா? கடையில் உடனே "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். வேண்டாம். அந்த மவுஸை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே விழுந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது, எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது திருந்தாது. அப்புறம், கண்ணாடி மேஜையில் வைத்து ஓட்டிவிட்டு அம்பு குதிக்கிறது என்று புலம்பாதீர்கள், அடியில் ஒரு காகிதத்தைப் போடுங்கள்.

பாட்டு வெட்டி வெட்டிப் பாடி, அதே நொடியில் மவுஸ் அம்பும் உறைந்தால் கதையே வேறு. அப்போது ஸ்பீக்கர், மவுஸ் இரண்டுமே நிரபராதிகள். முதலில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்கோ சிபியூவோ 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவற்றைக் காக்கவைக்கிறது. வைஃபை டிரைவர் இதில் அடிக்கடி மாட்டும். வைஃபையை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு ஒன்றை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். திக்காமல் ஓடினால் ஆள் அகப்பட்டுவிட்டார். புது வைஃபை டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள், எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று கூவும் ஆப்களை நம்பி அல்ல.