பிறந்தநாளன்று கச்சேரிக்குப் பயணம்: எங்கே சறுக்குகிறோம்?

2025 ஜனவரியில் கோல்ட்பிளே இசைக்குழு இந்தியாவுக்கு வந்தது. நவி மும்பையில் 18, 19, 21 ஆகிய மூன்று நாட்கள், அகமதாபாத்தில் 25, 26 ஆகிய இரண்டு நாட்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஐந்து தேதிகளில் ஒன்றில் பிறந்த ரசிகர்கள் தமிழ்நாட்டிலும் கணிசமாக இருந்திருப்பார்கள். அறிவிப்பைப் பார்த்தவுடன் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை: "எனக்காகவே குறித்த தேதி!" கணக்கு பிசகத் தொடங்குவதும் அந்த நொடியில்தான். கீரைக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவர்கள்கூட, பிறந்தநாள் என்று வந்துவிட்டால் விலையைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்ப்பதில்லை, வரைபடத்தையும் பார்ப்பதில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்தையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வெளியூர் கச்சேரிக்குப் போகிறவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை அந்த நான்கு மாதங்களில் பார்த்துவிட முடிந்தது. வேறு இசைக்குழு, வேறு ஊர் என்றாலும் சறுக்குகிற இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

முதல் நாள் பதற்றம்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு நண்பகலில் புக்மைஷோ தளத்தில் விற்பனை தொடங்கியது. டிக்கெட் விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. கூட்டம் மோதியதில் தளம் திணறியது. வரிசையில் தமக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் நிற்பதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்தார்கள். விற்றுத் தீர்ந்த சூட்டோடு சூடாக, அதே டிக்கெட்டுகளுக்கு மறுவிற்பனைத் தளங்களில் லட்ச ரூபாய்க் கணக்கில் விலை சொல்லப்பட்டது. பிறந்தநாள்காரர்கள் பணத்தைத் தொலைக்கிற கட்டம் இது. "அந்தத் தேதிதான் வேண்டும்" என்று நினைக்கிறவரைவிட வசதியான வாடிக்கையாளர் கள்ளச்சந்தைக்காரருக்குக் கிடைக்கமாட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கவனியுங்கள். விற்பனை தொடங்கிய அன்றே 21ஆம் தேதிக் கச்சேரி கூடுதலாக அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அகமதாபாத் வந்தது. முதலில் ஒரு நாள், பிறகு இரண்டாவது நாள். அகமதாபாத் மைதானத்தில் 1,32,000 பேர் உட்காரலாம். மும்பைக் கச்சேரிகளுக்கு 'இன்ஃபினிட்டி' டிக்கெட்டுகளும் அதே மாதத்தில் வந்தன. விலை 2,000 ரூபாய், ஜோடியாக மட்டுமே வாங்க முடியும், எந்த இருக்கை என்பது கச்சேரி நாளில்தான் தெரியும். ஆக, செப்டம்பரில் லட்சம் கொடுத்து வாங்கியவர், இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நியாயமான விலைக்கு இன்னும் சில கதவுகள் திறப்பதைப் பார்த்திருப்பார்.

இது கோல்ட்பிளேவுக்கு மட்டும் உரிய அதிசயம் என்று நினைக்க வேண்டாம். பெரிய மைதானக் கச்சேரிகளில் மேடை, ஒலிபெருக்கிக் கோபுரங்கள், கேமராக்கள் எங்கெங்கே வரும் என்பது முடிவாகும்வரை ஒரு பகுதி இருக்கைகளை விற்காமல் வைத்திருப்பது வழக்கம். மறைப்பு இல்லை என்று உறுதியானபின் அவை சத்தமில்லாமல் விற்பனைக்கு வரும். கடைசி இரண்டு வாரங்களில் தினமும் ஒருமுறை அதிகாரபூர்வத் தளத்தை எட்டிப்பார்க்கிறவருக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முகம் தெரியாதவரிடம் வாங்கும் டிக்கெட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஒரே கியூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்க ஒரு நிமிடம் போதும். வாயிலில் முதலில் காட்டியவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நின்று பாட்டைக் கேட்பார்கள். கோல்ட்பிளே டிக்கெட்டுகள் கள்ளச்சந்தையில் விற்கப்பட்டது தொடர்பாக 2024 அக்டோபரில் அமலாக்கத் துறையே பல மாநிலங்களில் சோதனை நடத்த வேண்டியிருந்தது. சோதனை நடந்ததால் யாருடைய பிறந்தநாளும் திரும்பி வந்துவிடாது.

தேதியைக் கட்டிக்கொண்டு அழுவது

கச்சேரி நடக்கும் என்பதே ஒரு நம்பிக்கைதான். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லிக்கு அருகே குர்கானில் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா இந்தியாவில் முதன்முறையாக வாசிப்பதாக இருந்தது. ரசிகர்கள் வந்து காத்திருந்த நிலையில், பாதுகாப்புக் காரணங்களால் அன்று கச்சேரி நடக்கவில்லை. ஆத்திரத்தில் கூட்டம் மேடைப் பக்கம் புகுந்தது. பிறகு அது ரத்தே ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு வாசித்தது. 2022இல் கோல்ட்பிளேவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கு நுரையீரல் தொற்று ஏற்பட்டபோது, பிரேசிலில் அந்த அக்டோபரில் நடக்கவேண்டிய கச்சேரிகள் அடுத்த ஆண்டு மார்ச்சுக்குப் போயின. சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 2023 ஆகஸ்ட் 12இல் நடக்கவேண்டிய ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது பலருக்கும் நினைவிருக்கும்.

தள்ளிப்போனால் டிக்கெட் பணம் திரும்ப வரலாம், அல்லது புதிய தேதிக்கு அது செல்லும். விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் உங்கள் தலையில்தான். ஆகவே விடுதியை இலவசமாக ரத்துசெய்யும் வசதியோடுதான் பிடிக்க வேண்டும். அதற்கு இருநூறு முந்நூறு கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுவதே லாபம். விமானத்தில் அந்த வசதிக்கு விலை அதிகம். எனவே விமானத்தில் கொஞ்சம் துணிந்து, விடுதியில் ஜாக்கிரதையாக இருக்கலாம் என்பது என் கணக்கு.

இதைவிட எளிதான பாதுகாப்பு ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நமக்குப் பிறந்தநாள் இரண்டு: ஆங்கிலத் தேதி ஒன்று, பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாள் ஒன்று. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். அம்மாவுக்கு நட்சத்திரம்தான் கணக்கு. அன்றைக்குக் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். நண்பர்களுக்கு ஆங்கிலத் தேதி. இப்படி ஒருவரே ஒரு மாதத்தில் இருமுறை பிறந்தநாள் கொண்டாடும் சமூகத்தில் இருந்துகொண்டு, ஜனவரி 20ஆம் தேதி பிறந்தவர் 19ஆம் தேதிக் கச்சேரியைப் பார்த்துவிட்டு "ஒரு நாள் தவறிவிட்டதே" என்று வருந்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. உள்ளபடி சொன்னால், கச்சேரி முந்தைய நாளாக இருப்பதே மேல். பிறந்தநாளன்று காலையில் அவசரம் இருக்காது, காதில் பாட்டு மிச்சமிருக்கும், எங்கேயாவது உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வழியில் தொலைவது

முன்பதிவில் வரிசை முக்கியம்: முதலில் கச்சேரி டிக்கெட், அடுத்தது விடுதி, கடைசியில் பயணம். விமானம் மலிவாக இருக்கிறதே என்று முதலில் அதை வாங்கிவிட்டு, பிறகு எந்த விலைக்காவது கச்சேரி டிக்கெட் வாங்கியே ஆகவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறவர்கள் உண்டு.

ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. இனி ஜனவரி நடுவில் நடக்கும் கச்சேரிக்குச் செப்டம்பரிலேயே டிக்கெட் வாங்கினாலும், நவம்பர் நடுவில்தான் ரயிலுக்கு உட்கார முடியும். அந்த நாளைத் தவறவிட்டால் காத்திருப்போர் பட்டியல்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு அந்த ஜனவரியில் இன்னொரு சிக்கலும் இருந்தது: பொங்கல். 14ஆம் தேதி பொங்கல், 17ஆம் தேதியும் அரசு விடுமுறை, 18-19 சனி ஞாயிறு. சென்னையில் வேலை பார்க்கிறவர் திருநெல்வேலிக்கோ சிவகங்கைக்கோ போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, 18ஆம் தேதி மாலை நவி மும்பையில் நிற்கவேண்டும் என்றால், ஊரிலிருந்து சென்னைக்கு வந்து அங்கிருந்து விமானம் பிடிப்பது என்ற வழக்கமான திட்டம் உதவாது. ஊர் திரும்பும் கூட்டம் நெடுஞ்சாலையை நிறைத்துவிடும். மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ நேராக மும்பைக்குப் பறந்துவிடுவது விலையில் கூடினாலும் மனத்துக்குச் சுகம். டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும் ஏற்பாடாக இருந்தால், பூட்டிய வீட்டு வாசலில் அதை வாங்க ஆள் இருக்கிறதா என்பதையும் யோசிக்க வேண்டும். பொங்கல் வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் ஊருக்குப் போயிருப்பார்!

அடுத்தது, ஊர்ப் பெயரை நம்பிப் போவது. 'மும்பைக் கச்சேரி' என்று படித்துவிட்டு கொலாபாவிலோ அந்தேரியிலோ அறை எடுத்தவர்கள் பட்டபாடு பெரிது. கச்சேரி நடந்த டி.ஒய். பாட்டீல் மைதானம் இருப்பது நவி மும்பையின் நெரூலில்; நடுவில் ஒரு கடற்கழி இருக்கிறது. அந்தேரிப் பக்கமிருந்து சாலை நெரிசலில் காரில் வந்து சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். நெரூல், வாஷி, பேலாப்பூர் பக்கமே தங்குவது புத்திசாலித்தனம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மும்பைக்குள் போகவே தேவையில்லை. கல்யாணிலோ தாணேயிலோ இறங்கினால், தாணேயிலிருந்து நெரூலுக்கு நேரடி மின்ரயில் இருக்கிறது. 2025 டிசம்பர் 25இல் நவி மும்பை விமான நிலையமும் இயங்கத் தொடங்கிவிட்டதால், இனி அந்த மைதானத்துக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கும் விமானம் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

கச்சேரி நாளன்று காலை விமானத்தில் போய் இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஜனவரியில் மூடுபனியால் வடக்கே ஒரு விமானம் தாமதமானால், அது அடுத்தடுத்துப் போகவேண்டிய ஊர்களிலும் தாமதம் தொடரும். ஒரு நாள் முன்னதாகப் போவதற்கு ஆகும் அறை வாடகையைக் காப்பீட்டுச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அகமதாபாத்துக்குப் போனவர்களுக்கு ஒரு கொசுறு. குஜராத்தில் மதுவிலக்கு, போதாததற்கு ஜனவரி 26 நாடு முழுக்க மதுக்கடைகளுக்கு விடுமுறை. பிறந்தநாளைக் கோப்பை உயர்த்திக் கொண்டாட நினைத்தவர்கள் மசாலா மோரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மைதானத்துக்குள்

நம் நாட்டில் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சில நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை விலக்கு தரலாம் என்றாலும், பெரும்பாலான மைதானக் கச்சேரிகள் பத்துக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும் என்று சாவகாசமாகக் கிளம்புகிறவர், பாதிப் பாடல்களை வாயில் வரிசையில் நின்று கேட்பார். மதியமே கதவு திறக்கும். நின்று பார்க்கும் பகுதியில் டிக்கெட் எடுத்தவர் ஐந்தாறு மணி நேரம் காலில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். புதுச் செருப்பு, பிறந்தநாளுக்கு எடுத்த பட்டு, குதிகால் காலணி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

இதனால் பிறந்தநாள் விருந்து இரவில் நடக்காது. பத்து மணிக்கு ஐம்பதாயிரம் பேர் ஒன்றாக வெளியே வரும்போது, அக்கம்பக்கத்து உணவகங்களில் உட்கார இடம் கிடைப்பது சந்தேகம். விருந்தை மதியமே முடித்துக்கொண்டு, இரவுக்கு அறையில் பழமோ ரொட்டியோ வாங்கி வைத்துவிடுங்கள். கேக்கை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். பை, தண்ணீர் பாட்டில், பவர்பேங்க் போன்றவற்றுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித் தடைப்பட்டியல் உண்டு; அதைக் கிளம்புமுன் படித்தால் வாயிலில் எதையும் தூக்கிப்போட வேண்டியிராது.

"இன்று என் பிறந்தநாள்" என்று அட்டை எழுதிக்கொண்டு போகும் ஆசை பலருக்கும் இருக்கிறது. கிறிஸ் மார்ட்டின் கூட்டத்திலிருக்கும் அட்டைகளைப் படிக்கிறவர், சில நேரம் ரசிகரை மேடைக்கும் அழைப்பார் என்பதால் ஆசை இன்னும் கூடுகிறது. எழுதுங்கள், தவறில்லை. இரண்டு பாடல்களுக்கு நடுவே தூக்கிக் காட்டிவிட்டு இறக்கிவிடுங்கள். இரண்டு மணி நேரமும் தூக்கிப் பிடித்தால், பின்னால் இருப்பவர் உங்கள் பிறந்தநாளை வேறு விதமாக வாழ்த்துவார்.

கூட்டத்தில் கைபேசிச் சிக்னல் செத்துவிடும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். டிக்கெட்டை முன்பே தரவிறக்கிக்கொள்வது, கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்வது, பிரிந்துவிட்டால் எந்த வாயிலில் சந்திப்பது என்று பேசிவைப்பது ஆகிய மூன்றும் போதும். கோல்ட்பிளே கச்சேரியில் கையில் கட்டிவிடும் ஒளிரும் பட்டையைப் பிறந்தநாள் நினைவாக ஒளித்து எடுத்துவருகிறவர்களும் இருக்கிறார்கள். மைதானத்திலிருந்து வரும் சமிக்ஞையால்தான் அது ஒளிரும். வீட்டில் அது வெறும் பட்டைதான். அடுத்த ஊரில் பயன்படுத்துவதற்காகத் திருப்பிக் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டு வரலாம்.

யாரோடு போவது என்பதையும் பிறந்தநாள் குழப்பிவிடுகிறது. எனக்கு நெருங்கியவர் என்பதும் அந்தப் பாடல்களுக்கு நெருங்கியவர் என்பதும் வேறு வேறு. பாட்டே பிடிக்காத கணவரையோ அக்காவையோ "என் பிறந்தநாளுக்காக வாருங்கள்" என்று இழுத்துப்போனால், ஆறாவது பாட்டிலேயே "எப்போது முடியும்?" என்று கேட்பார். கேட்காமல் அடக்கிக்கொண்டால் இன்னும் மோசம், நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கல்லூரிக் காலத்தில் அந்தப் பாடல்களை உங்களோடு கேட்ட தோழி எங்கிருந்தாலும் அழைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போவதானால் காதை மூடும் பாதுகாப்புக் கவசம் கட்டாயம். பெரியவர்களும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம், பாட்டு சற்று மங்கலாகக் கேட்டாலும் காது பிழைக்கும்.

திரும்பும் டிக்கெட்டை மறுநாள் அதிகாலைக்கு எடுப்பது பலரும் செய்யும் கடைசிப் பிழை. மைதானத்திலிருந்து வெளியே வந்து, ரயிலோ வண்டியோ பிடித்து, அறைக்கு வந்து படுக்கும்போது ஒரு மணி ஆகியிருக்கும். ஐந்து மணி விமானத்துக்கு மூன்று மணிக்கு எழ வேண்டும். அடுத்த நாள் மதியத்துக்குமேல் கிளம்புங்கள், அலுவலகத்தில் அன்றைக்கும் சேர்த்தே விடுப்பு எழுதிக்கொடுங்கள்.