சீமெந்துத் தண்ணீர் கல்லையும் களியையும் என்ன செய்யும்: வீட்டிலேயே பார்க்கலாம்

புதுச் சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விட்டால் செத்துப்போகும், அதனால்தான் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நாலைந்து தடவை தண்ணீர் மாற்றுகிறோம். சீமெந்திலிருந்து ஊறி மீனைக் கொல்கிற காரம் (அல்கலி), பின்லாந்தின் ஒன்காலோவில் 400 மீற்றருக்கும் கீழே அணுக்கழிவைப் புதைக்கச் சுரங்கம் குடைந்தவர்களுக்கும் பெரிய கவலை. பாறை வெடிப்பை அடைக்கச் சீமெந்து வேண்டும், ஆனால் நிலத்தடி நீர் அதில் ஊறி வெளியே வரும்போது முதலில் சோடியம், பொற்றாசியம் கரைந்து பிஎச் (காரத்தை அளக்கும் எண்) 13ஐத் தாண்டும், அவை கழுவப்பட்டபின் சுண்ணாம்பு கரைந்து நெடுங்காலம் 12.5 அளவில் நிற்கும். அந்த நீர் கல்லில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்து, கல்சியத்தோடு சேர்த்துப் புதுக் கனிமமாக வெடிப்புகளுக்குள் படிய வைக்கிறது. சில வழி அடைபடும், சில வழி திறக்கும். இதை நாங்களும் பார்க்கலாம்.

கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம், சீமெந்துத் தண்ணீர் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் என்ற கணக்கில் சீமெந்தைக் கரைத்து, மூடி ஒரு நாள் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். மூன்று லீற்றர் போதும். மஞ்சள் தூளில் ஒரு துளி விட்டால் சிவக்கும். ஆனால் மஞ்சளுக்கு 11உம் ஒன்றுதான், 13உம் ஒன்றுதான், அதனால் அளக்கப் பிஎச் தாள் வாங்கிவிடுங்கள்.

இனி மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், அதிலும் சிலிக்காதான் இருக்கிறது, காரம் அதையும் அரிக்கும். முதல் போத்தலில் சீமெந்துத் தண்ணீர் மட்டும், இரண்டாவதில் அதோடு கல்லுடைக்கும் இடத்துக் கருங்கல் தூள், மூன்றாவதில் மன்னார் முருங்கன் களி, நாலாவதில் நன்றாக எரிந்த உமிச் சாம்பல். ஐந்தாவதில் வெறும் தண்ணீரும் களியும். போத்தலைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள், எல்லாரும் பிழைவிடுகிற இடம் இதுதான்: காற்று பட்டால் மேலே வெள்ளை ஆடை படியும், பிஎச்சும் இறங்கும், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் வேலை, கல்லின் வேலை இல்லை.

எனக்குப் பிடித்தது களிப் போத்தல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் ஏற்றிப்போன அதே களி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற களி. அணுக்கழிவுப் பெட்டியைச் சுற்றி அடைக்கிற பெண்டனைற் என்ற களியைப் போல இதுவும் ஈரத்தில் வீங்கும். குலுக்கி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பாருங்கள்: வெறும் தண்ணீரில் கலங்கியே நிற்கும், சீமெந்துத் தண்ணீரிலோ திரண்டு அடியில் இறங்கிவிடும், கல்சியம் களித் துகள்களை ஒட்ட வைக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்தக் களியை எடுத்துப் பிசைந்தால் பழைய பசைத்தன்மை இருக்காது, பொருபொருவென்று உதிரும். வீங்கி வெடிப்பை மூட வேண்டிய களிக்கு இதுதான் ஆபத்து.

கருங்கல் தூள் போத்தலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சாதாரண வெப்பத்தில் கல் கரைவது மிக மெதுவாக நடக்கும், நிலத்தடியிலோ கணக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். நீண்ட காலத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க ஆய்வாளர்கள் ஜோர்தானின் மக்காரினுக்குப் போனார்கள், அங்கே இயற்கையாகவே சீமெந்துக் கனிமங்கள் உருவாகி ஊற்று நீர் 12.5 பிஎச்சில் வருகிறது.

வாரம் ஒரு தடவை பிஎச் எழுதி வையுங்கள். சாம்பல் போத்தலில் அது இறங்குகிறதா என்று முதல் போத்தலோடு ஒப்பிடுங்கள், உமிச் சாம்பலின் சிலிக்கா சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்காலோவில் சிலிக்காத் தூசி கலந்து, பிஎச் 11க்கு மேல் போகாத சீமெந்து பயன்படுத்துவதும் இதே காரணத்தால்.

முடிந்தபின் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். கையுறையைக் கழற்றாமலே மஞ்சள் சேர்த்து, சிவப்பு மாறி மஞ்சளாகத் திரும்பும்வரை புளிக்கரைசல் விடுங்கள், அப்புறம் கொட்டலாம்.