வார்டில் இருக்கும்போதே புகையை நிறுத்த உதவுவது எப்படி?

நான் நுரையீரல் வார்டில் நர்ஸ். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் பலர் பக்கத்தில் நிற்கும் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எப்பவாவது" என்பார்கள். அதனால் கூட இருப்பவர்கள் வெளியே போனதும் வேறு மாதிரி கேட்பேன்: "காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" அரை மணி நேரத்துக்குள் என்றால் நிகோடின் அவரை நன்றாகவே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பதிலை கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் மறுபடி முதலிலிருந்து விசாரித்தால் நோயாளிக்குக் கோபம்தான் வரும்.

கடைசி சிகரெட் முடிந்து சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தொடங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். "சண்டைக்காரர்" என்று வார்டில் பேர் வாங்கும் ஆள் பெரும்பாலும் நிகோடினுக்குத் தவிப்பவர்தான். ஆனால் ஆக்சிஜன் குறைந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், குடியை நிறுத்தினாலும் இதே படபடப்பு வரும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அறிவுரை அப்புறம். முதலில் தவிப்பைக் குறைக்க வேண்டும். சேர்ந்த அன்றே டாக்டரிடம் நிகோடின் பேட்ச் (தோல் வழியாக நிகோடின் தரும் ஒட்டுப் பட்டை) பற்றிக் கேளுங்கள். நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் வழக்கமாக 21 மி.கி.யில் தொடங்குவார்கள். தினமும் இடம் மாற்றி, முடி இல்லாத உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம். திடீர் ஆசைக்கு கூடவே நிகோடின் கம் கொடுத்தால் பேட்ச் மட்டும் தருவதைவிடப் பலன் அதிகம். கம்மை மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. வாயில் காரம் சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ் வேண்டாம்.

"இதிலும் நிகோடின்தானே?" என்று வீட்டார் பயப்படுவார்கள். தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் புகையில்தான், பேட்ச்சில் இல்லை என்று சொல்லுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர் என்றால் முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. புகை சில மருந்துகளை உடல் வேகமாகக் கழிக்கச் செய்யும். புகை நின்றதும் தியோஃபிலின் (மூச்சிரைப்புக்கான மருந்து), க்ளோசாபின் (மனநோய்க்கான மருந்து) போன்றவற்றின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். வாந்தி, படபடப்பு என்று வந்தால் அது மருந்து மிகுந்ததாலும் இருக்கலாம். டோஸைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வார்டில் நிறுத்துவது ஓரளவு எளிது. வீட்டுக்குப் போனதும்தான் சோதனை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதமாவது யாராவது தொடர்ந்து பேசினால்தான் வார்டில் பேசியதற்குப் பலன் இருக்கும். ஆகவே பேட்ச்சைக் கையில் கொடுத்து, முதல் வாரத்திலேயே போன் செய்யும் நாளையும் குறித்து அனுப்புங்கள். லைட்டர், ஆஷ்ட்ரேவை அவர் வருமுன் வீட்டார் அப்புறப்படுத்தட்டும். வீட்டில் ஆக்சிஜன் வைக்கப்போகிறவர் என்றால் தீ ஆபத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

போனில் "ஒண்ணு பிடிச்சிட்டேன் சிஸ்டர்" என்று தயங்கினால் திட்ட வேண்டாம். எங்கே, யாருடன், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். பேட்ச்சைத் தொடரச் சொல்லிவிட்டு, அடுத்த போனை மூன்று நாளில் வையுங்கள்.