பூனைக்கு முதலுதவி: கால் மாத்திரைகூட வேண்டாம்

போன வாரம் மாடி வீட்டுத் தம்பி பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, உடம்பு அனலா கொதிச்சுது. கால் மாத்திரைதான் கொடுத்தேன்." பல வருடங்களுக்கு முன் கால்நடை மருத்துவர் முன்னால் நின்று நானும் இதையேதான் சொன்னேன்.

காய்ச்சல் மாத்திரை

பூனையின் இயல்பான உடல்சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு நல்ல பூனையும் சுடத்தான் செய்யும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறோம். அந்த மருந்தை முறித்து வெளியேற்ற வேண்டிய நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. உள்ளே தங்குவது நச்சாகிச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஆபத்தாகலாம். நாலு கிலோ பூனைக்கு அது 40. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 125!

"குழந்தைக்கே கொடுக்கிறோமே" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலும் இருப்பது அதே பாராசிட்டமால்தான்.

கொடுத்துவிட்டீர்களா? அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது தனி விஷம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் அதற்குப் பலன். தம்பி அரை மணி நேரத்தில் வந்தான், அவன் பூனை தேறிவிட்டது. நான் அன்று விடியட்டும் என்று காத்திருந்தேன். என் பூனை பிழைக்கவில்லை.

காயத்துக்கு டெட்டால்

கூடாது. நக்கி விழுங்கிவிடும். காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கழுவினால் போதும்.

வாயிலோ பின்புறத்திலோ தொங்கும் நூல்

இழுக்காதீர்கள். பூக்கட்டும் நூலாக இருந்தாலும் சரி, மறுமுனை நாக்கடியிலோ குடலிலோ மாட்டியிருக்கலாம். இழுத்தால் குடல் அறுபடும். நூலை அப்படியே விட்டு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

மணல் தட்டில் முக்கும் ஆண் பூனை

மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும்.

வலியில் உங்களைக் கடித்தால்

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள். வீட்டுப் பூனையாக இருந்தாலும்.