உறைபனியில் ஏகே 5: குளிர்நாட்டுத் துப்பாக்கியை அறிவதும் பராமரிப்பதும்

முதலில் பெயரில் வரும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சுவீடன் ராணுவத்தின் ஏகே 5, கலாஷ்னிகோவ் (ஏகே 47) அல்ல. சுவீடிய மொழியில் ‘ஆட்டோமாட்கார்பின்’ என்பதன் சுருக்கம்தான் இந்த ‘ஏகே’. பெல்ஜியத்தின் எஃப்என்சி என்ற 5.56 மி.மீ. துப்பாக்கியை எடுத்து, தங்கள் நாட்டுக் குளிருக்கு ஏற்றபடி மாற்றி, எஸ்கில்ஸ்டூனா நகரத்து ஆலையில் தயாரித்தார்கள். 1986-இல் அது படைக்கு வந்தது.

எஃப்என்சியையும் ஏகே 5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ட்ரிகர் கார்டைப் (ட்ரிகரைச் சுற்றிய காப்பு வளையம்) பாருங்கள். ஏகே 5-இல் அது அகன்று, தடித்த கையுறை போட்ட விரல் நுழையும் அளவுக்கு இருக்கும். போல்ட்டைப் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பின்னிழுக்கும் கைப்பிடியும் பெரியது. மேல்பூச்சு பச்சை எனாமல். மூன்று தோட்டா தொடர் வெடிப்பு முறையை நீக்கிவிட்டார்கள். கைப்பிடி ஓடும் பிளவின் மேல் ஸ்பிரிங் மூடி உண்டு. கைப்பிடி பின்னே வரும்போது மட்டும் திறக்கும், மற்ற நேரத்தில் பனித்தூளை உள்ளே விடாது. இந்த மூடி எஃப்என்சியிலேயே இருந்ததுதான். மொத்தத்தில், குளிருக்கென்று செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை கையுறை போட்ட கைக்காகவே. எஃகை எவரும் குளிர் தாங்க வைத்துவிடவில்லை. அந்த வேலை இன்றும் துப்பாக்கி வைத்திருப்பவருடையது.

விரல் பிரச்சினைக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. பின்லாந்தின் எம் 60 மாதிரியில் ட்ரிகர் கார்டே இல்லை, ட்ரிகருக்கு முன்னால் செங்குத்தாக ஒரு கம்பி மட்டும். கனடாவின் சி7, எம்16 குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் கார்டின் முன்முனையில் ஒரு சிறு ஸ்பிரிங் பொத்தான் உண்டு. தோட்டா முனையால் அதை அழுத்தினால் கார்டு கீழிறங்கி, கையால் பற்றும் பிடியோடு ஒட்டி நிற்கும். கார்டு இறங்கிவிட்டால் ட்ரிகருக்குப் பாதுகாப்பே இல்லை. புதர்க்கிளை, பனிச்சறுக்குக் குச்சியின் வார் எதுவும் அதில் மாட்டலாம். சுட வேண்டிய நொடிவரை சேஃப்டி பூட்டியே இருக்க வேண்டும்.

கீழே சொல்லும் எந்த வேலைக்கும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். கையுறையோடு தொட்டால் தோட்டா இருப்பது தெரியாமல் போகலாம். மெல்லிய உள்ளுறை மட்டும் போட்டுக்கொண்டு தொடுங்கள். வெறுங்கை வேண்டாம்: கடுங்குளிரில் உலோகத்தோடு ஒட்டிய தோல் உரிந்து வரும்.

எண்ணெயில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. வழக்கமான எண்ணெய் குளிரில் பிசினாகிவிடும். போல்ட் மெதுவாக ஓடும், உள்ளிருக்கும் சுத்தியான ஹேமர் தயங்கி அடிக்கும், தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரில் லேசான தடம் மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காது. எம்16 வகைக்கான அமெரிக்க ராணுவக் கையேட்டின் கணக்கு நல்ல அளவுகோல். மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் வரை வழக்கமான சிஎல்பி எண்ணெய் (அழுக்கெடுக்க, உராய்வு குறைக்க, துரு தடுக்க என மூன்றுக்கும் ஒன்று) போதும். மைனஸ் 12 முதல் மைனஸ் 23 வரை சிஎல்பியோ கடுங்குளிருக்கான ஆர்க்டிக் எண்ணெயோ போடலாம். அதற்கும் கீழே போனால் ஆர்க்டிக் எண்ணெய் மட்டும்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதைச் சொட்டுகூட விடாமல் துடைத்தெடுங்கள். பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் ஓடும் துளை, சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் அடிப்பகுதி, ட்ரிகர் பாகங்களின் இடுக்குகள்: மிச்சம் தங்குவது இங்கேதான். பிறகு உராயும் பரப்புகளில் மட்டும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். விரலால் தேய்த்தால் பளபளப்பு தெரியலாம், ஈரம் ஒட்டக் கூடாது. அதிகம் போட்டால் பனித்தூள் அதில் ஒட்டிக் களியாகிவிடும். மேகசினின் உள்ளேயும் தோட்டாக்களிலும் எண்ணெய் எதுவும் வேண்டாம். உலரத் துடைத்தால் போதும்.

இதைவிடப் பெரிய எதிரி வியர்வை. மனிதனுடையதல்ல, துப்பாக்கியுடையது. மைனஸ் 30-இல் கிடந்த எஃகைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால், காற்றிலுள்ள ஈரம் முழுவதும் அதன் மேல் படியும். கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பு மட்டுமல்ல, போல்ட்டின் உள்ளும், ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவிலும் நனையும். அப்படியே வெளியே எடுத்துப் போனால் அத்தனையும் உறைந்து, ட்ரிகர் அசையாது. அதனால் துப்பாக்கி வெளியிலேயே, கூரையின் கீழே, பனி விழாத இடத்தில், காவலோடு இருக்கட்டும். உள்ளே எடுத்தே ஆக வேண்டுமானால், வெளியே நிற்கும்போதே காற்றுப் புகாத பையில் கட்டுங்கள். ஈரம் பையின் மேல் படியும். பை இல்லையென்றால் சுமார் ஒரு மணி நேரம் பொறுங்கள். வியர்ப்பது நின்றதும் பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். வியர்க்கும்போதே துடைப்பது வீண் வேலை, துடைத்த இடம் மறுபடி நனையும். தோட்டாக்களுக்கும் இதே விதி: துப்பாக்கி வெளியே என்றால் தோட்டாவும் வெளியே.

குழல்முனையை மூடியோ ஒட்டு நாடாவோ கொண்டு அடைத்து வையுங்கள். விழுந்து எழுந்தால் முதலில் குழலைப் பாருங்கள். உள்ளே பனி அடைத்திருக்கும்போது சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். வாயால் ஊதி எடுக்காதீர்கள், மூச்சின் ஈரம் அங்கேயே உறையும். குறிபார்க்கும் கண்ணாடியிலும் மூச்சு படக் கூடாது. மின்கலத்தில் ஓடும் குறிநோக்கி இருந்தால், மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். பின்லாந்தின் ஆர்கே 62-இல் இரவுக் குறிக்கு டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவை வைத்தார்கள், குறி தானாக ஒளிரும், மின்கலமே தேவையில்லை. கடுங்குளிருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பதே எங்கள் கருத்து.

சுடத் தொடங்கும்போது அவசரம் வேண்டாம். குளிர்ந்த எஃகு எளிதில் முறியும். எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் போன்ற சிறு பாகங்கள்தான் முதலில் போகும். தொடக்கத்தில் ஒவ்வொரு தோட்டாவாக, இடைவெளி விட்டுச் சுட்டு, பாகங்கள் சூடேறிய பின் வேகம் கூட்டுங்கள். மாற்று எக்ஸ்ட்ராக்டரும் ஃபயரிங் பின்னும் கையில் இருக்கட்டும். குளிரில் தோட்டாவின் வேகம் குறைந்து, அது குறிக்குக் கீழே படும், ஆகவே குறியை அந்தக் குளிரிலேயே சரிசெய்ய வேண்டும். அறைக்குள் இருக்கும் வெப்பத்தில் செய்த கணக்கு உதவாது. சுட்டு முடித்ததும் சூடான துப்பாக்கியைப் பனியின் மேல் கிடத்தாதீர்கள். பனி உருகி உள்ளே ஓடி, சில நிமிடத்தில் கட்டியாகிவிடும். பையின் மேலோ பனிச்சறுக்குப் பலகையின் மேலோ வையுங்கள்.

போல்ட் உறைந்துபோனால் சுத்தியலோ காலோ வேண்டாம். குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, கைப்பிடியைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பனியை உடையுங்கள். சுட வேண்டிய நேரம் வரும்வரை அரைமணிக்கு ஒருமுறையாவது, சேஃப்டியைத் தொடாமல், கையால் ஓட்டக்கூடிய மற்ற பாகங்களை அசைத்துப் பாருங்கள். உறையத் தொடங்கியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும், பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும்போதே உடைத்துவிடலாம்.