கண்ணுக்குள் சிப்: திருகோணமலையில் இருந்து விசாரிக்கிறவர்களுக்கு

"சிப் வைத்தால் அப்பாவுக்குப் பார்வை வருமா?" என்று கேட்கமுன் அவருடைய கிளினிக் கொப்பியைத் திறந்து, நோயின் பெயரைப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சிப் என்பது விழித்திரையில் பொருத்தும் சின்ன மின்கருவி. அதற்கு, விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் செத்திருக்க வேண்டும். ஆனால் மற்ற நரம்புக் கலங்களும் பார்வை நரம்பும் உயிரோடு இருக்க வேண்டும். அப்போதுதான் சிப் வேலை செய்யும். குளோக்கோமாவில் நரம்பு பட்டுப்போனவருக்கு இது உதவாது. சீனி வருத்தத்தால் விழித்திரை கெட்டவருக்கு வேண்டியது லேசரும் ஊசியும், அதுவும் நேரத்தோடு. வெண்புரைக்கு லென்ஸ் வைத்தாலே போதும். மிஞ்சுவது இரண்டு: மாலைக்கண்ணாகத் தொடங்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, முதுமையில் வரும் உலர் வகை மக்குலாத் தேய்வு (மக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி).

மக்குலாவை வீட்டிலேயே சோதிக்கலாம். 10 சென்ரிமீற்றர் சதுரம் கீறி, 5 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாக நெடுக்கும் குறுக்கும் அடித்து, நடுவில் கறுப்புப் பொட்டு வையுங்கள். வாசிக்கும் கண்ணாடியோடு 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பொட்டையே பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். பலர் பிழைவிடுவது இதில்தான். கோடு புதிதாக நெளிந்து தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். அது இரத்தக்குழாய் கசியும் ஈர வகையாக இருக்கலாம். உடனே ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மூதூரோ குச்சவெளியோ, அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

உலர் வகை முற்றியவர்களுக்காக இப்போது பேசப்படுவது பிரிமா என்ற சிப். 2 மில்லிமீற்றர் சதுரம், ஒளியை மின்னாக்கும் 378 புள்ளிகள், உள்ளே பற்றரி கிடையாது. கண்ணாடியில் உள்ள கமரா எடுக்கும் படம் அகச்சிவப்பு ஒளியாகச் சிப்பில் விழுகிறது. 2025 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஓராண்டு முடிவில் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு எழுத்துப் பார்க்கும் திறன் தெளிவாகக் கூடியது. நிறம் தெரியாது, பழைய பார்வை திரும்பாது. சொற்களைக் கூட்டி வாசிக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கண்ணழுத்தம் ஏறுதல், விழித்திரை கிழிதல், அதன் அடியில் இரத்தம் கசிதல் ஆகியவையும் நடந்திருக்கின்றன.

இலங்கையில் இது வழக்கமான சிகிச்சை அல்ல. பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் கடிதம் வாங்கி, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் விழித்திரை நிபுணரைக் காட்டுங்கள். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கான் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஆய்வில் சேர்த்துவிடுகிறேன் என்று காசு கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்து வைக்கமுன், கம்பனி மூடினால் கருவியைத் திருத்துவது யார், கழற்றுவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். முன்பு விழித்திரையில் பொருத்தப்பட்ட, 60 மின்முனைகள் கொண்ட ஆர்கஸ் 2 கருவியின் உற்பத்தி 2019 இல் நின்றது. அதைக் கண்ணுக்குள் வைத்திருந்தவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாமல் தவித்தார்கள்.